வந்து குவியும் கிராஷ் அறிக்கைகள்: எண்ணுவதா, வாசிப்பதா?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு சிறு தரவுக் கோப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்திவிட்டது. இந்திய விமான நிலையங்களில் ஊழியர்கள் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கே ஒரு கிராஷ் அறிக்கையின் படம் சமூக ஊடகங்களில் சுற்ற ஆரம்பித்தது. அதில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் படிக்க முயன்று தோற்ற நினைவக முகவரி மிகச் சிறிய எண்ணாக இருந்தது. எங்கும் சுட்டாத வெற்றுப் பாயின்டர் வழியாக எதையாவது படிக்கப் போனால் இப்படித்தான் சிறிய எண் வரும். ஆகவே இது நல் பாயின்டர் பிழை, நிரலர் பூஜ்யத்தைச் சரிபார்க்க மறந்துவிட்டார் என்று பலரும் தீர்ப்பு எழுதினார்கள். லட்சக்கணக்கானோர் அதைப் படித்தார்கள்.

தீர்ப்பு தவறு. மைக்ரோசாஃப்ட் ஒரு வாரம் கழித்து வெளியிட்ட ஆய்வில், விழுந்த கட்டளைக்குச் சற்று முன்னாலேயே ‘பாயின்டர் பூஜ்யமா?’ என்று சோதிக்கும் கட்டளை இருப்பது தெரிந்தது. சோதனை நடந்திருக்கிறது; அதில் பாயின்டர் தேறியும் இருக்கிறது. ஏனென்றால் அது பூஜ்யம் அல்ல, குப்பை. ஒவ்வொரு கணினியிலும் வெவ்வேறு குப்பை: சிலவற்றில் சிறிய எண், சிலவற்றில் கெர்னல் முகவரி போலவே தோன்றும் பெரிய எண். உண்மையான காரணம் வேறோர் இடத்தில் இருந்தது. புதிய விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. அந்த விதியை இயக்கிய நிரல் 20 மட்டுமே கொடுத்தது. இல்லாத 21-ஆவது உள்ளீட்டைத் தேடி வரிசையின் எல்லையைத் தாண்டிப் படித்ததுதான் வினை. கிராஷ் அறிக்கை எதுவும் பொய் சொல்லவில்லை. அதை வாசித்தவர்கள் ஒரே ஒரு அறிக்கையின் ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

ஓட்டு வீட்டில் மழைநீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓடு உடைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நீர் ரீப்பர் கட்டையோடு ஓடி எங்கோ வந்து சொட்டும். கிராஷ் அறிக்கை சொட்டும் இடத்தைத்தான் பதிவு செய்கிறது. இயங்குதளம் ஒன்றை உருவாக்குபவர்களுக்கு இப்படிப்பட்ட அறிக்கைகள் நாள்தோறும் குவிகின்றன. அவற்றைத் தொகுக்கும் பொறியியல் கடந்த கால் நூற்றாண்டில் வியக்கத்தக்க அளவு வளர்ந்திருக்கிறது. வாசிக்கும் முறை அந்த வேகத்தில் வளரவில்லை என்பது என் எண்ணம். பெரும்பாலும் எண்ணுகிறார்கள். எது அதிகம் வந்திருக்கிறதோ அதுவே பெரிய பிரச்சினை என்று கொள்கிறார்கள். அப்படிக் கொள்வது எப்போது சரி, எப்போது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். விண்டோஸில் முதலில் ‘டாக்டர் வாட்சன்’ என்ற கருவி இருந்தது. அது கிராஷ் விவரத்தை அந்தக் கணினியிலேயே எழுதி வைக்கும். 2000-ஐ ஒட்டி அவ்விவரத்தை இணையம் வழியே மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும் அமைப்பு வந்தது. பிறகு அது விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் என்று பெயர் பெற்றது. லினக்ஸ் பக்கம், உபுண்டு 2006-இல் அப்போர்ட் கருவியைச் சேர்த்தது. 2007-இன் இறுதியில் இன்டெலில் இருந்த ஆர்யன் வான் டி வென் கெர்னல்ஊப்ஸ் என்ற பொதுத் தொகுப்பைத் தொடங்கி, எந்தப் பிழை அதிகம் வருகிறது என்ற பட்டியலைக் கெர்னல் உருவாக்குநர்களுக்கு அனுப்பிவந்தார். ஃபெடோராவுக்கு ஏபிஆர்டி என்ற கருவி வந்தது. ஆப்பிள், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் இன்று ஏதோ ஒரு வடிவில் இது உண்டு.

அறிக்கையின் உள்ளே என்ன இருக்கிறது? லினக்ஸ் கெர்னலின் ‘ஊப்ஸ்’ எனப்படும் கிராஷ் அறிக்கை ஒன்றைக் கையில் எடுப்போம். முதல் வரியில் எந்த முகவரியைத் தொடப்போய் விழுந்தது என்று இருக்கும். அந்த முகவரி 24 என்று வைத்துக்கொள்வோம். பூஜ்யமாக இருந்த ஒரு பாயின்டரைப் பிடித்துக்கொண்டு, அது சுட்ட வேண்டிய அமைப்பின் 24-ஆவது பைட்டில் உள்ள புலத்தைப் படிக்கப் போயிருக்கிறார்கள் என்பது இதற்கு முதல் ஊகம். அந்த அமைப்பின் வரையறையைத் திறந்து 24-ஆவது பைட்டில் எந்தப் புலம் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடியும். முகவரியில் 107 என்ற பைட், அதாவது 16-அடிமான எண்ணில் ‘6பி’, திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. சோதனைக்காகக் கட்டப்படும் கெர்னல்களில், விடுவிக்கப்பட்ட நினைவகத்தை அந்த பைட்டால் நிரப்பி வைக்கும் வசதி உண்டு. யாரோ விடுவித்துவிட்ட நினைவகத்தை வேறு யாரோ இன்னும் தனதென்று நினைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று அந்த எண் சொல்கிறது. ஆனால் விடுவித்தது யார் என்று சொல்லாது. விழுந்த கணத்தில் எந்தச் செயற்கூறு எதை அழைத்திருந்தது என்று அறிக்கை தரும் பட்டியலில், அதாவது ஸ்டாக் டிரேஸில், விடுவித்தவர் இருக்கவே மாட்டார். எப்போதோ தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார்.

இயங்குதள கிராஷ்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு சாதாரணச் செயலி விழுந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்தச் செயலிக்குள்ளேயே இருப்பார். கெர்னலிலோ வன்பொருள்களை இயக்கும் எல்லா டிரைவர்களும் ஒரே முகவரிவெளியில் குடியிருக்கின்றன. வைஃபை டிரைவர் தப்பான இடத்தில் எழுதினால் கோப்பமைப்பு விழலாம். அறிக்கையில் கோப்பமைப்பின் பெயர்தான் இருக்கும். நினைவகத்தை ஒதுக்கித் தரும் பொதுச் செயற்கூறுகளுக்கு இப்படி அநியாயமாகப் பழி வந்துசேர்வது வழக்கம். யார் கெடுத்தாலும் கெட்டது வெளிப்படுவது அங்கேதான். லினக்ஸ் அறிக்கையில் ‘டெய்ன்டட்’ என்ற குறியை வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இதுவே. மூலநிரல் வெளியிடப்படாத மாட்யூல் ஏற்றப்பட்டிருந்தால் ஓர் எழுத்து, வன்பொருள் தானே பிழையைத் தெரிவித்திருந்தால் வேறோர் எழுத்து. அந்த எழுத்து குற்றத்தை நிரூபிப்பதில்லை. சந்தேகத்தை எவ்வளவு தூரம் விரிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

அறிக்கைகள் கோடிக்கணக்கில் வரும்போது ஒவ்வொன்றையும் இப்படி உட்கார்ந்து படிக்க முடியாது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் தங்கள் பத்தாண்டு அனுபவத்தை 2009-இல் எஸ்ஓஎஸ்பி மாநாட்டில் கட்டுரையாக வெளியிட்டார்கள். இந்தத் துறையில் நுழைகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய கட்டுரை அது. அவர்கள் சேர்த்துக் கட்டிய ஒவ்வொரு தொகுதிக்கும் ‘பக்கெட்’ என்று பெயர். ஒரு வழுவுக்கு, அதாவது நிரலில் உள்ள ஒரு தவறுக்கு, ஒரு பக்கெட் என்பது லட்சியம். அது கைகூடுவதில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒரே வழு பல வழிகளில் வெளிப்பட்டுப் பல பக்கெட்டுகளில் சிதறும். வெவ்வேறு வழுக்கள் ஒரே பொதுச் செயற்கூறில் போய் விழுந்து ஒரே பக்கெட்டில் நெருக்கியடித்துக்கொள்ளும்.

இதைச் சமாளிக்க அவர்களது ஆய்வுக் கருவியில் சுமார் 500 விதிகள் இருந்தன. சில விதிகள் பக்கெட்டுகளைப் பிரிக்கும், சில சேர்க்கும். ஸ்டாக்கில் இன்னின்ன செயற்கூறுகள் மேலே இருந்தால் அவற்றைக் கண்டுகொள்ளாமல் அடுத்ததைப் பார் என்று சொல்லும் விதிகளும் உண்டு. இந்த விதிகள் ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் அனுபவத்திலிருந்து வந்த தீர்ப்பு. ‘இந்த வாரம் முதலிடத்தில் இருக்கும் பிழை’ என்று ஒரு பட்டியல் வரும்போது அது ஏதோ இயற்கையின் அளவீடு போலத் தோன்றுகிறது. விதி ஒன்றை மாற்றினால் வரிசையும் மாறும். பட்டியலைக் கையில் வாங்கும் மேலாளர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

எண்ணுவதால் பலனே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெரும் பலன் கிடைத்திருக்கிறது. 2002 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் எழுதிய கடிதத்தில், வந்த பிழைகளில் 80 சதவீதத்துக்கு 20 சதவீத வழுக்களே காரணம் என்றும், வெறும் 1 சதவீத வழுக்கள் பாதிப் பிழைகளை உண்டாக்குகின்றன என்றும் குறிப்பிட்டார். எதை முதலில் திருத்துவது என்ற கேள்விக்கு அதற்கு முன் அவ்வளவு தெளிவான விடை இருந்ததில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பதிவான செயலிழப்புகளில் 85 சதவீதம் டிரைவர்களால் வந்தவை என்ற கணக்கு 2003-இல் ஆய்வுலகில் பேசப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, லினக்ஸ் மூலநிரலை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு குழு டிரைவர்களில் பிழை விகிதம் மற்றப் பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு என்று கண்டிருந்தது. ஒன்று களத்திலிருந்து வந்த சாட்சி, மற்றொன்று மூலநிரலிலிருந்து வந்த சாட்சி. இரண்டும் ஒரே திசையைக் காட்டியபோது அதை நம்பலாம். டிரைவர்களைக் கணிதமுறையில் சரிபார்க்கும் ஸ்லாம் திட்டத்தைத் தாமஸ் பாலும், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணியும் வளர்த்தெடுத்தது இதே காலத்தில்தான்.

ஒரே சாட்சியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் விஸ்டா ஓர் உதாரணம். மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கின் ஆவணங்கள் 2008-இல் வெளியானபோது, விஸ்டாவில் 2007-இல் பதிவான கிராஷ்களின் பங்கீடும் வெளியே வந்தது. என்விடியா 28.8 சதவீதம், மைக்ரோசாஃப்ட் 17.9, ஏடிஐ 9.3, இன்டெல் 8.8. என்விடியா டிரைவர்கள்தான் விஸ்டாவைக் கெடுத்தன என்று தலைப்புச் செய்திகள் வந்தன.

அந்த எண் சொல்வது என்ன? பதிவான கிராஷ்களில் 28.8 சதவீதத்தில் பழி என்விடியா டிரைவர்மேல் விழுந்தது. அவ்வளவுதான். எத்தனை விஸ்டா கணினிகளில் என்விடியா அட்டை இருந்தது? அவை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடின? அவற்றில் எத்தனை, கிராஃபிக்ஸைப் பிழிந்தெடுக்கும் கேம் விளையாடுபவர்களுடையவை? இன்டெலின் கிராஃபிக்ஸ் பெரும்பாலும் அலுவலகக் கணினிகளில் எழுத்தும் அட்டவணையும் காட்டிக்கொண்டிருந்தது. விஸ்டாவோ கிராஃபிக்ஸ் டிரைவர்களின் கட்டமைப்பையே புதிதாக மாற்றியிருந்தது. அந்த மாற்றத்தின் விலையில் எவ்வளவு யார் கணக்கில் சேர வேண்டும்? என்விடியா நிரபராதி என்று நான் வாதாடவில்லை. அப்போதைய டிரைவர்கள் பலரையும் படுத்தியெடுத்தது உண்மை. ஆனால் வகுக்கும் எண் இல்லாத சதவீதத்தை வைத்து இரு நிறுவனங்களை ஒப்பிட முடியாது. தயவுசெய்து ஒப்பிடாதீர்கள்.

வகுக்கும் எண்தான் இந்தத் துறையின் தீராத சிக்கல். கிராஷ் ஆன கணினி அறிக்கை அனுப்புகிறது. ஒழுங்காக ஓடிய கணினி எதையும் அனுப்புவதில்லை. இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்த வாரத்தில் அறிக்கைகள் இருமடங்கானால், பதிப்பு மோசமா, அல்லது அதை நிறுவியவர்கள் இருமடங்கானார்களா? உபுண்டு 2012-இல், 12.04 பதிப்போடு, ஒரு கணினிக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பிழை என்ற வரைபடத்தைப் பொதுவில் வைத்தது. துணிச்சலான முயற்சி அது. ஆனால் கணினிகளின் எண்ணிக்கையையும் பிழை அறிக்கை அனுப்பியவர்களை வைத்தே மதிப்பிடும்போது, ஒருமுறைகூட விழாத கணினி கணக்கில் வராது. வெளியீட்டுச் சமயத்தில் கோடு இயல்பாகவே மேலே தூக்கிக் காட்டும். ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு கூகுள் வைத்திருக்கும் அளவுகோல் இந்த வகையில் மேலானது. அன்று செயலியைப் பயன்படுத்தியவர்களில் எத்தனை சதவீதத்தினர் கண்ணெதிரே கிராஷைச் சந்தித்தார்கள் என்று பார்த்து, 1.09 சதவீதத்தைத் தாண்டினால் மோசம் என்று கொள்கிறது. குறிப்பிட்ட ஒரு போன் மாடலில் மட்டும் 8 சதவீதத்தைத் தாண்டினாலும் எச்சரிக்கிறது. மொத்தச் சராசரிக்குள் ஒரு மாடலின் துயரம் கரைந்துபோகக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

இன்னும் ஆழமான விடையை 2003-இலேயே பெர்க்லியில் பென் லிப்லிட் குழுவினர் கொடுத்துவிட்டார்கள். விழுந்த ஓட்டங்களிலிருந்து மட்டுமல்ல, விழாமல் முடிந்த ஓட்டங்களிலிருந்தும் சிறுசிறு மாதிரிகளைச் சேகரியுங்கள் என்றார்கள். ஒரு நிபந்தனை விழுந்த ஓட்டங்களில் 90 சதவீதத்தில் உண்மையாக இருந்ததாகக் கண்டால் அதுவே காரணம் என்று தோன்றும். விழாத ஓட்டங்களிலும் அதே 90 சதவீதம் என்றால் அதற்கும் கிராஷுக்கும் தொடர்பில்லை. இவ்வளவு எளிய தர்க்கம். இயங்குதளங்களின் கிராஷ் தொகுப்புகள் பல இன்றும் இதைச் செய்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிடம் தகவல் கேட்பது தனியுரிமைக்கும் வேகத்துக்கும் இடைஞ்சல் என்ற தயக்கம் இருக்கிறது. தயக்கம் நியாயமானது, விளைவாக வரும் குருட்டுத்தன்மையும் உண்மையானது.

வராத அறிக்கைகளைப் பற்றியும் பேச வேண்டும். விண்டோஸ் கெர்னல் விழும்போது நினைவகத்தின் நகலை வட்டில் உள்ள பேஜிங் கோப்பில் எழுதிவிட்டு, அடுத்த முறை பூட் ஆகும்போது எடுத்துத் தொகுக்கும். வட்டின் டிரைவரே பழுதென்றால் எழுதவே முடியாது. அடுத்த பூட்டே நடக்காவிட்டால் அனுப்ப முடியாது. லினக்ஸில் கேடம்ப் வசதிக்காகத் தனியாக ஒதுக்கிய நினைவகத்தில் இரண்டாவது கெர்னல் ஒன்று காத்திருக்கும். முதலாவது விழுந்ததும் அது எழுந்து நகலெடுக்கும். சாதாரணப் பயனரின் மடிக்கணினியில் இதை அமைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. உறைந்து நின்று, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கப்பட்ட கணினி பெரும்பாலும் எந்தத் தடயமும் விட்டுச்செல்லாது. ஆக, மிக மோசமான விபத்துகளே பதிவில் மிகக் குறைவாக இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் விவகாரத்தில் மைக்ரோசாஃப்ட் இதை நேர்மையாகவே குறிப்பிட்டது: தங்களுக்கு வந்த கிராஷ் அறிக்கைகள் மாதிரி அளவிலானவை, அனுப்பச் சம்மதித்த வாடிக்கையாளர்களிடமிருந்து மட்டும் வந்தவை, பாதிக்கப்பட்ட மொத்தக் கணினிகளில் அவை ஒரு பகுதியே என்று.

மென்பொருளில் எங்கும் காரணம் இல்லாத கிராஷ்களும் உண்டு. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-இல் எழுதிய ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். சில அறிக்கைகளில், பதிவகம் ஒன்றைப் பூஜ்யமாக்கும் கட்டளையில் கணினி விழுந்திருந்தது. அந்தக் கட்டளை நினைவகத்தைத் தொடுவதே இல்லை. அது விழ வழியே கிடையாது. அனுப்பியவர்களில் சிலரைத் தொடர்புகொண்டு விசாரித்தபோது, அவர்களது கணினிகளில் பிராசஸர் அதற்கு நிர்ணயிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ஓட்டப்பட்டிருந்தது. அவர்களில் சிலருக்கு அது தெரியவே தெரியாது. விற்ற கடைக்காரர் முடுக்கிவிட்டு அதிக விலைக்குத் தள்ளியிருக்கிறார்.

வன்பொருளால் வரும் இத்தகைய கிராஷ்களை அளந்து பார்த்தவர்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களே. பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, எட்டு மாதத்தில் மொத்தம் குறைந்தது 30 நாள் பிராசஸர் ஓடிய கணினி ஒன்று, பிராசஸர் கோளாறால் விழும் வாய்ப்பு 190-இல் 1. ஒருமுறை அப்படி விழுந்த கணினி மறுபடி விழும் வாய்ப்போ ஏறக்குறைய மூன்றில் 1. நினைவகச் சில்லின் தவறுகளை அவர்கள் பிடித்த விதம் அழகானது. கெர்னலின் நிரல் ஓடும்போது மாறக் கூடாது. கிராஷ் நகலில் உள்ள நிரலை மூலப் பிரதியோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு பிட் மட்டும் புரண்டிருந்தால் அது சில்லின் கோளாறு என்று கொண்டார்கள். இந்த முடிவுகளின் நடைமுறைப் பொருள் முக்கியமானது. ஒரே கணினியிலிருந்து ஒரே மாதத்தில் ஏழெட்டு வெவ்வேறு இடங்களில் விழுந்த அறிக்கைகள் வந்தால், ஏழெட்டு பக்கெட்டுகளில் ஒவ்வொன்றாகப் போட்டு நிரலர்களை அலையவிடக் கூடாது. அந்தக் கணினியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பக்கெட்டாகப் பிரிக்கும் முறை கணினியைப் பார்ப்பதில்லை, கிராஷை மட்டுமே பார்க்கிறது.

தனியுரிமையைப் பற்றி ஒரு சொல். கிராஷ் நகல் என்பது விழுந்த கணத்தில் நினைவகத்தில் இருந்ததன் பிரதி; கடவுச்சொல், கடிதத்தின் வாசகம், ரகசியச் சாவி எதுவும் அதில் இருக்கலாம். விண்டோஸ் பிழை அறிக்கைகளை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ வழியிலேயே படித்துவந்தது என்று 2013 இறுதியில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் வெளியிட்டது. சம்மதம் கேட்பதும் குறைவாக எடுப்பதும் அனுப்பும்போது குறியாக்கம் செய்வதும் பொறியியல் கடமைகள். சம்மதிப்பவர்கள் மட்டுமே அனுப்பும்போது தொகுப்பு ஒருபக்கமாகச் சாயும். அந்தச் சாய்வைப் பொறுத்துக்கொண்டு கணக்கில் திருத்த வேண்டுமே தவிர, சாய்வைக் காரணம் காட்டிக் கட்டாயப்படுத்தக் கூடாது.

மனிதர்களின் கணினிகளை நம்பியிராமல் கிராஷ்களை வேண்டுமென்றே உண்டாக்கும் வழியும் வந்துவிட்டது. கூகுளின் சிஸ்பாட் 2017 முதல் லினக்ஸ் கெர்னலை ஏடாகூடமான சிஸ்டம் கால்களால் ஓயாமல் தாக்கி, விழுந்தவற்றைக் கெர்னல் உருவாக்குநர்களுக்கு அறிவிக்கிறது. முடிந்தபோதெல்லாம் அதே கிராஷை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் சிறு நிரலையும் சேர்த்துக் கொடுக்கிறது. களத்து அறிக்கையில் கிடைக்காத பெரும் கொடை இது. ஆனால் ஒரு வழு எத்தனை பேரைப் பாதிக்கிறது என்பதற்கு இங்கே பதிலே இல்லை. களத்தில் எண்ணிக்கை உண்டு, காரணம் இல்லை. இங்கே காரணம் அருகில் இருக்கிறது, எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

இரண்டுக்கும் நடுவே லினக்ஸ் 5.12 கெர்னலில், 2021-இல், கேஃபென்ஸ் என்ற கருவி சேர்ந்தது. முழுமையான நினைவகச் சோதனைக் கருவியான கேசன், கெர்னலை மிகவும் மந்தமாக்கும். வாடிக்கையாளரின் சர்வரில் அதை ஓட்ட முடியாது. கேஃபென்ஸ் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. இயல்புநிலையில் 100 மில்லிவினாடிக்கு ஒரு முறை, ஒரே ஒரு நினைவக ஒதுக்கீட்டை எடுத்து, இருபுறமும் தொட முடியாத பக்கங்களை வைத்துக் காவல் போடுகிறது. ஒரே சமயத்தில் 255 பொருள்களுக்கு மேல் இல்லை. இரண்டு மெகாபைட் நினைவகம் போதும். ஒரு குறிப்பிட்ட வழு ஒரு கணினியில் இந்த வலையில் சிக்க ஆண்டுக்கணக்கில் ஆகலாம். ஆயிரக்கணக்கான கணினிகளில் ஓடவிட்டால் எங்காவது ஒன்றில் சிக்கும். விடுவித்த நினைவகத்தைத் தொட்ட வழு என்றால், அப்போது வரும் அறிக்கையில் மூன்று ஸ்டாக் டிரேஸ்கள் இருக்கும்: நினைவகத்தை ஒதுக்கியவர், விடுவித்தவர், விடுவித்த பிறகு தொட்டவர். கோப்பமைப்பின்மேல் விழுந்திருக்க வேண்டிய பழி, தப்பாக விடுவித்த டிரைவரின் அந்த ஒரு வரிக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. ஒரே ஒரு அறிக்கை வந்தாலும் வேலையைத் தொடங்கிவிடலாம்.